அவள் பேரில் இருந்த லைன்

அந்த வீட்டில் இரண்டு குடும்பங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு இன்டர்நெட் லைன். தொட்டி மொட்டைமாடியில் இருந்தது. லைன் கீழ்வீட்டுத் தையல்காரியின் பேரில் இருந்தது.

லைன் கேட்டது என்னவோ மேல்வீடுதான். அங்கே அவளுடைய கொழுந்தனும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். அவன் தபால் நிலையத்தில் எழுத்தர். அவள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். லைன் இழுக்க ஆள் வந்த நேரத்தில் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். தையல்காரியின் கணவன் பஸ் ஓட்டப் போயிருந்தான். கையில் கத்தரிக்கோலும் வாயில் குண்டூசிகளுமாகத் தையல்காரி மட்டும்தான் வீட்டில் இருந்தாள். வந்தவன் சிலேட்டு மாதிரி ஒன்றை நீட்டி, அவளுடைய அடையாள அட்டையைப் படம் பிடித்துக்கொண்டான். போன் நம்பரைச் சுவரில் அவளே எழுதி வைத்திருந்த விளம்பர அட்டையிலிருந்து பார்த்துக்கொண்டான். "இங்க ஒரு தடவை தொட்டுடுங்கம்மா" என்றான். கண்ணாடிக்குள் எறும்புச் சாரியாக எழுத்துகள் ஏறிப் போயின. கீழே ஒரு நீலக் கட்டம். என்ன ஏது என்று கேட்டிருப்பாள். வாய் நிறைய ஊசி. தொட்டாள்.

வைஃபை பெட்டியை மட்டும் மாடியில் வைத்தார்கள். அங்கேதான் நெட்டில் ஓடும் பெரிய டிவி இருந்தது. பாஸ்வேர்டை டீச்சர் ஒரு துண்டுத் தாளில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, இதுல எதையும் மறைக்க வேணாம்னு உங்க பேரையே பாஸ்வேர்டா வெச்சுட்டேன்" என்றாள். தையல்காரி சிரித்து வாங்கிக்கொண்டாள். டீச்சர் மேலே ஏறிப் போனதும் கணவனிடம் சொன்னாள்.

"பேரு எனக்கு, பெட்டி அவளுக்கு. எப்பவும் இப்படித்தான்."

"பெட்டியில என்ன இருக்கு? லைட்டு மினுக்கும். வேணும்னா உனக்கு ஒரு சீரியல் லைட்டு வாங்கித் தரேன்" என்றான் டிரைவர்.

அண்ணனைக் கட்டியவளும் தம்பியைக் கட்டியவளும் ஒரு படிக்கட்டின் இரு முனைகளில் வாழ்ந்தால் அந்தப் படிக்கட்டு சும்மா இருக்காது. தையல்காரி அந்த வீட்டுக்கு வந்தபோது அவள்தான் ஒரே மருமகள். பத்து விரலும் பொன் என்று மாமனார் சொல்வார். வருவோர் போவோர் எல்லாம் அவள் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு ஓரகத்தி வந்தாள். வந்தவள் பெருமை பேசவில்லை, நகை குலுக்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. குறை சொல்ல ஒரு நூல்முனை கூடக் கொடுக்காததுதான் தையல்காரிக்குப் பெரிய குறை.

அடுத்தவரிடம் இருக்கும் பொருள் தனக்கு வேண்டும் என்று நினைப்பதே பொறாமை என்பார்கள். அது அவ்வளவு சரியில்லை. தையல்காரிக்கு டீச்சரின் கைப்பை வேண்டியிருக்கவில்லை, கைக்கடிகாரமும் வேண்டியிருக்கவில்லை. டீச்சர் தெருமுனையில் திரும்பும்போது பந்து விளையாடும் பிள்ளைகள் ஒரு கணம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிற்பார்களே, அந்த நிற்றல் வேண்டியிருந்தது. அதைக் கடையில் விற்க மாட்டார்கள். விற்காத பொருளின் மேல் வைக்கும் ஆசைக்குத்தான் ஆயுள் அதிகம்.

இன்னொன்றும் இருந்தது, அது அவள் பிறந்த வீட்டுக்கு மட்டுமே தெரியும். பெண் பார்க்க வந்தவர்களிடம் "பன்னிரண்டாவது பாஸ்" என்று அப்பா சொல்லிவிட்டார். உண்மையில் அவள் எட்டாவதோடு நின்றவள். நின்றதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, தம்பிகள் சின்னவர்கள், யாராவது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு டீச்சர் வந்து சேரும்வரை அந்தப் பொய் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

லைன் வந்த சில வாரங்களில் போன்கள் வரத் தொடங்கின.

முதலில் ஒரு சோபா கடைக்காரன். "மேடம், நீங்க பார்த்துட்டிருந்த எல் வடிவ சோபா இப்ப தள்ளுபடியில இருக்கு."

"நான் எங்க பார்த்தேன்? என் வீட்டுல உக்கார இடமே துணி மூட்டைதான்" என்று சொல்லி வைத்தாள். அடுத்த வாரம் நான்கு பேர் மூச்சிரைக்க ஒரு எல் வடிவ சோபாவை அவள் வாசல் வழியாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு தண்ணீர் சுத்திகரிப்பான்காரன் கூப்பிட்டான்; மேலே சுத்திகரிப்பான் வந்தது. மலைப் பிரதேச விடுதிக்காரி கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். மேல்வீட்டார் மலைக்குப் போனார்கள்.

சாதாரணப் பொறாமைக்காரர்களுக்கு அடுத்த வீட்டில் சாமான் வந்து இறங்கிய பிறகுதான் வயிறு எரியும். தையல்காரிக்கு முன்கூட்டியே எரிந்தது.

"இது என்ன கூத்து? அவங்க நினைக்கறது எனக்குப் போன்ல வருது" என்றாள் கணவனிடம்.

"நல்லதுதானே. எனக்கும் என் மேனேஜர் நினைக்கறது இப்படி வந்தா தேவலை" என்றான் அவன்.

மழையில் மாடிப் பெட்டி சிவப்பு விளக்கு காட்டியபோது நெட்காரர் பழுது பார்க்க வந்தார். கம்பி அவளுடைய அறைச் சுவர் வழியாகத்தான் ஏறிப் போனது. அவர் ஏணியில் நிற்க, அவள் கீழே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, இந்தக் கடைக்காரனுக்கெல்லாம் எங்க வீட்டு விஷயம் எப்படித் தெரியுது?"

"கம்பெனி விக்குதும்மா."

"எதை?"

"நீங்க என்ன பார்க்கறீங்க, எதைத் தேடறீங்க, அதைத்தான். இந்த வீட்டுக்கு சோபா ஆசை வந்திருக்குன்னு சோபாக்காரனுக்குச் சொல்லிக் காசு வாங்கிக்குவாங்க. வீட்டுக்குள்ள எத்தனை பேர் இருந்தா அவங்களுக்கென்ன? லைன் யார் பேர்லயோ அவங்க நம்பருக்கு அடிப்பாங்க."

"யாரைக் கேட்டு விக்கறாங்க?"

அவர் ஏணியிலிருந்து அவளைக் குனிந்து பார்த்தார். "உங்களைக் கேட்டுத்தான். தொட்டிருப்பீங்களே, நீலக் கட்டம்."

அன்று அவளுக்கு இரண்டு எண்ணங்கள் வந்தன. மேலே என்ன தேடினாலும் தனக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்று. அது இனித்தது. தான் தேடுவது மேலே தெரியுமா என்பது இன்னொன்று. அதற்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்: போன் வருவது தனக்குத்தானே, டீச்சருக்கு எப்படித் தெரியும்? தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது, கீழிருந்து மேலே போவதில்லை. இதுவும் அப்படித்தான் என்று குழாய்க் கணக்கில் முடிவு கட்டினாள். பாதுகாப்புக்குத் தான் பார்த்ததையெல்லாம் போனிலிருந்து அழித்துவிடுவாள். துணியில் போட்ட சாக்பீஸ் கோட்டைத் தட்டிவிடுவதுபோல் அது போய்விட்டது என்று நம்பினாள்.

அவள் பார்த்தது வேறொன்றுமில்லை. எட்டாவதோடு நின்றவர்கள் பத்தாவது எழுதுவது எப்படி, தனித்தேர்வுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள், கணக்கு இல்லாமல் எழுத முடியுமா. பயிற்சி நிலையத்திலிருந்து போன் வந்தால் "ராங் நம்பர்" என்று வெட்டிவிடுவாள். எழுதிவிட வேண்டும் என்ற உறுதி இருந்ததாகச் சொல்ல முடியாது. டீச்சருக்குப் பக்கத்தில் உட்காரும்போது தன் பொய் கொஞ்சம் மெலிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து வந்த போன்தான் அவளைக் குழப்பியது.

"மேடம், காது கேக்கறதுல சிரமம் இருக்கா? இலவசமா பரிசோதனை பண்றோம். வெளியில தெரியாத அளவுக்குச் சின்னக் கருவி வந்திருக்கு."

முதல் முறை திட்டிவிட்டு வைத்தாள். இரண்டாவது ஆள் கூப்பிட்டான். மூன்றாவதாக ஒரு பெண். தையல் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள். கொழுந்தனுக்குப் பாம்புக் காது, கீழே டப்பா திறந்தால் மேலிருந்து "அண்ணி, என்ன பலகாரம்?" என்பான். அப்படியானால்?

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. படிக்கட்டு அடியில் நின்று கூப்பிட்டால் டீச்சர் திரும்ப மாட்டாள். அதைத் திமிர் என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறாள். யார் வந்தாலும் டீச்சர் எழுந்து இடம் மாறி உட்காருவாள், வந்தவர் தன் வலப்பக்கம் வரும்படியாக. அதை நாசூக்கு என்று நினைத்து, கண்ணாடி முன்னால் தானும் ஒரு முறை அப்படி எழுந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

ஆக, திமிரும் இல்லை, நாசூக்கும் இல்லை. இடது காது.

இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மிஷின் மேல் கையை வைத்துக்கொண்டு, பாவம் என்று வாய்விட்டே சொன்னாள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு சின்ன இனிப்பு இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு நூல்முனைகூடக் கொடுக்காதவளிடமிருந்து ஒரு முழு நூல்கண்டு கையில் வந்து விழுந்திருக்கிறது. அதை இழுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. கையில் இருக்கிறது என்பதே போதும் என்று சில நாள் இருந்தாள்.

பள்ளிச் சீருடைகளை நீளம் குறைப்பதும் கூட்டுவதும் அவளுடைய முக்கிய வேலை. அதற்கு வருபவர்களில் ஒருத்தியை ரெட்டைப்பிள்ளை அம்மா என்பார்கள். இரண்டு பையன்களும் டீச்சரின் வகுப்பு. எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வாள். ஊரில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் அவளிடம் ரகசியம் என்று சொன்னால் போதும்.

அன்று அவள் பையன்களின் கால்சட்டைகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க ஓரகத்தி மாதிரி ஒரு டீச்சர் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். வீட்டுல நான் தொண்டை கிழிய கத்தறேன், திரும்பிக்கூட பார்க்காதுங்க. டீச்சர் சொன்னாங்கன்னா போதும். டீச்சர் சொன்னாத்தான் பல்லே விளக்குதுங்க."

"ம்."

"அடுத்து அவங்கதான் ஹெட்மிஸ்ட்ரஸ்னு பேசிக்கறாங்க. நீங்களும் பெருமையா சொல்லிக்கலாம், எங்க வீட்டு டீச்சர்னு. நீங்க என்ன, நாள் பூரா மிஷின்ல குனிஞ்சே கிடக்கறீங்க."

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் தையல்காரி தாங்கியிருப்பாள்.

"நல்ல டீச்சர்தான்" என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "ஆனா பிள்ளைங்க கேக்கற கேள்வி காதுல விழுந்தால்ல பதில் சொல்ல."

"என்ன சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல. எனக்கு எதுக்கு ஊர் வம்பு?"

"சொல்லுங்க, சொல்லுங்க. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

சொன்னாள். நான்கே வாக்கியம். காது கருவிக்காரர்கள் கூப்பிடுவதையும், இடது காதையும், வலப்பக்கம் உட்கார வைப்பதையும். சொல்லி முடித்ததும் நாக்கு லேசாக இருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஒரு முடிச்சும் போட்டாள். நூலை அறுத்த பிறகு போடும் முடிச்சு.

கம்பெனியாவது அந்தச் செய்தியைக் காசுக்கு விற்றது. இவள் சும்மா கொடுத்தாள்.

அந்த வாரமே டீச்சர் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். படியேறும் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. மாலையில் கொழுந்தன் கீழே வந்து, "அண்ணி, கொஞ்சம் மேல வாங்க. அண்ணனும் வரட்டும்" என்றான்.

நால்வரும் எல் வடிவ சோபாவில் உட்கார்ந்தார்கள். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் வழக்கம்போல இடது ஓரம். முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவப்பு.

கொழுந்தன்தான் சொன்னான். டீச்சருக்கு ஒரு வருஷமாக இடது காது மங்கிக்கொண்டு வருகிறது. அவனிடமே இன்றுதான் சொல்லியிருக்கிறாள். கோடை விடுமுறையில் கருவி வைத்துக்கொண்டு, முடியை இறக்கி வாரிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் வகுப்புக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தாள். அதற்குள் பெற்றோர்கள் யாரோ தலைமையாசிரியையிடம் போய், காது கேட்காதவரிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அதில் பேச்சு எழுந்தால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு இவளை அலுவலகத்தில் உட்கார வைப்பார்களாம்.

"நான் யார்கிட்டயும் சொல்லல அக்கா" என்றாள் டீச்சர். "டாக்டர்கிட்டகூட இன்னும் போகல. போன்ல தேடித்தான் பார்த்தேன்."

"அதான்" என்று கொழுந்தன் தொடையைத் தட்டினான். "போன்ல பார்த்ததைக் கம்பெனிக்காரன் வித்துட்டான். எங்க ஆபீஸ்ல ஓரம் பிரிஞ்ச கவர் வந்தாக்கூட ரெண்டு பேரைச் சாட்சிக்கு வெச்சு ஒட்டுவோம். இவனுங்க கவரையே கிழிச்சுக் கடைத்தெருவுல விக்கறானுங்க."

தையல்காரிக்கு மூச்சு வந்தது. ஒளிந்துகொள்ள இவ்வளவு பெரிய மரம் தானாக வந்து முன்னால் நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. "ஆமா, எனக்குக்கூட என்னென்னவோ போன் வருது" என்று மட்டும் சொன்னாள்.

"பாருங்க" என்றான் கொழுந்தன். "இந்த டிவியைப் பாருங்க. இதுவும் அவனுங்க வேலைதான்."

எல்லோரும் திரும்பினார்கள். திரையில் ஒரு பெண் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். எழுத்துகள் பெரிதாக வந்தன: எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டீர்களா? வீட்டிலிருந்தே பத்தாவது எழுதலாம்.

"எத்தனை மாசமா இதே விளம்பரம். எங்க ரெண்டு பேருக்கும் எதுக்குடா இதுன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில இவதான் சொன்னா, ஸ்கூல்ல கூட்டற ஆயாவோட பொண்ணுக்காகத் தேடிக் குடுத்தாளாம். அதைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறான்."

டீச்சர் சோபா உறையில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்காரிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தக் குழாயில் தண்ணீர் மேலேயும் ஏறும். மாதக்கணக்காக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. ஆயாவுக்குப் பெண் கிடையாது. இரண்டும் பையன்கள், அந்தப் பையன்களுக்குச் சட்டை தைத்தவளே இவள்தான். அப்படியானால் டீச்சருக்குத் தெரியும். பன்னிரண்டாவதும் தெரியும், எட்டாவதும் தெரியும். தெரிந்துகொண்டு, கட்டிய புருஷனிடமே ஒரு பெண்ணை இட்டுக்கட்டிச் சொல்லி மூடி வைத்திருக்கிறாள்.

"இப்பவே கேட்டுடலாம்" என்றான் கொழுந்தன். "அண்ணி, லைன் உங்க பேர்லதானே இருக்கு? புகார் நீங்கதான் சொல்லணும். போடுங்க, நான் பேசறேன்."

"இப்ப எதுக்கு? நாளைக்கு..."

"போடு" என்றான் அவள் கணவன். "கம்பெனிக்காரனைச் சும்மா விடக்கூடாது. தம்பி பேசட்டும்."

போட்டாள். கொழுந்தன் ஸ்பீக்கரை அழுத்தினான். வெகுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் குரல் வந்தது, வெண்ணெய் தடவினது போல. தையல்காரி பேரையும் நம்பரையும் சொன்னாள். பிறகு கொழுந்தன் பிடித்துக்கொண்டான்.

"எங்க வீட்டு விஷயத்தை வெளியில விக்க நீங்க யாரு?"

"சார், வாடிக்கையாளர்களோட ஆர்வங்களை எங்க வணிகப் பங்காளிகளோட பகிர்ந்துக்கறோம். இணைப்பு வாங்கறப்ப மேடம் ஒப்புக்கிட்டிருக்காங்க."

"நோய் நொடி ஆர்வமா? அது எப்படி ஸ்கூல் வரைக்கும் போச்சு? தெருவுல இருக்கறவங்களுக்கு யார் சொன்னது?"

"அதுக்கு வாய்ப்பே இல்லை சார். பள்ளிக்கூடம், தனி ஆளுங்க இவங்களுக்கெல்லாம் நாங்க குடுக்கறதில்ல. பொருள் விக்கறவங்களுக்கு மட்டும்தான். அவங்களுக்கும் வீட்டுல யாருக்கு என்னன்னு தெரியாது. அவங்க கூப்பிட்டிருந்தா, இப்ப நீங்க பேசறீங்களே, இந்த ஒரு நம்பருக்குத்தான் கூப்பிட்டிருப்பாங்க."

அந்த நம்பர் தையல்காரியின் மடியில் கிடந்தது.

டிரைவர் போனைப் பார்த்தான். கொழுந்தன் அண்ணியைப் பார்க்கத் திரும்பினான், பாதி திரும்பியிருப்பான்.

"அக்கா" என்றாள் டீச்சர். "கீழ யாரோ உங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கு. போய்ப் பாருங்க."

வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத காதுக்காரிக்கு மட்டும் கேட்டிருக்கிறது. தையல்காரி போனை எடுத்து அணைத்துவிட்டு எழுந்தாள். படியிறங்கிக் கீழே வந்து கதவைத் திறந்து பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் இறங்கினாள்.

மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவளுக்குத் தோன்றியது வேறு. தலை வாருவதில் டீச்சர் ஒரு படி மேல், பேச்சில் ஒரு படி மேல், தெருவில் நடப்பதில் ஒரு படி மேல். போகட்டும். கையில் கிடைத்த அடுத்தவள் ரகசியத்தை என்ன செய்வது என்பதிலும் அவளே மேல். ஒரே லைன், ஒரே மாதிரி செய்தி இரண்டு பேருக்கும் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள், தான் திறந்துவிட்டாள். இப்போதும், காட்டிக்கொடுத்தவள் எதிரில் உட்கார்ந்திருக்க, எழுந்து போக வழி செய்து கொடுத்ததும் அவள்தான். நல்லவளாக இருக்கும் வாய்ப்புகூட அவளுக்கே போய்ச் சேருகிறதே என்று வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு எரிந்ததில்லை.

அதன்பின் மேல்வீட்டார் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒவ்வொரு காலையும் போனைத் திறந்து பார்த்தாள். அது அவளைக் கேட்காமலே தானாகப் போய் மேல்வீட்டுப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. மாற்றியிருந்தால் கோபித்துக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

ரெட்டைப்பிள்ளை அம்மா கால்சட்டைகளை வாங்க வந்தாள். பெற்றோர் கூட்டம் நெருங்கிவிட்டது. அவள் முகத்தில் அதற்கான களை இருந்தது. இரண்டையும் உதறிப் பார்த்து, மடிப்பை நீவி, "என்ன, மேல ஏதாவது சொன்னாங்களா?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அப்போது போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததுமே தையல்காரிக்கு யாரென்று தெரிந்துவிட்டது. வழக்கமாக வெட்டிவிடும் விரல், இந்த முறை ஸ்பீக்கரைத் தொட்டது.

"மேடம், காது கேக்கற கருவி விஷயமா..."

"ஆமாங்க, சொல்லுங்க. எனக்குத்தான்" என்றாள் தையல்காரி, தேவைக்கு மேல் சத்தமாக. "இந்த மிஷின் சத்தத்துலயே கிடந்து காது மந்தமாயிடுச்சு. நான்தான் நெட்டுல தேடினேன். இப்ப ஆள் இருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்க."

ரெட்டைப்பிள்ளை அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள்.

"டீச்சருக்குன்னு சொன்னீங்க? டீச்சருக்குன்னுதானே சொன்னீங்க?"

"எனக்குன்னு சொல்லிக்க வெக்கமா இருந்தது. நாலு பேர் வந்து போற இடம், செவிட்டுத் தையல்காரின்னு பேர் வெச்சுட்டா? அதான் அவ தலையில கட்டிட்டேன். நீங்களே யோசிங்க. லைன் என் பேர்ல இருக்கு, கூப்பிடறது என் நம்பரை. அவன் வாயில டீச்சர்னு ஒரு வார்த்தை வந்துச்சா?"

"அடிப்பாவி" என்றாள் அவள். கோபத்தில் அல்ல, பழைய செய்தியைவிட நல்ல செய்தி கிடைத்த மகிழ்ச்சியில். "நான் அதை நம்பி ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் போய்ச் சொல்லிட்டேனே. இப்ப திரும்பப் போய்ச் சொல்லணுமே."

"சொல்லுங்க. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. ஓரகத்தி மேல இருந்த பொறாமையில சொல்லிட்டாளாம்னு சேர்த்தே சொல்லுங்க."

இதைத் தியாகம் என்று சொல்லிவிட வேண்டாம். டீச்சர் முந்திக்கொண்டு போனது அவளுக்குப் பொறுக்கவில்லை; எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த ஓட்டத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொன்னதில் கடைசி வரி ஒன்றுதான் முழு உண்மை. அதை ரெட்டைப்பிள்ளை அம்மா பொய் என்று எடுத்துக்கொண்டாளோ மெய் என்று எடுத்துக்கொண்டாளோ, விடாமல் பரப்பினாள்.

பெற்றோர் கூட்டத்தில் காது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புகார் சொன்னவளே எழுந்து டீச்சரை இரண்டு முறை புகழ்ந்தாளாம். வகுப்பு டீச்சரிடமே இருந்தது. விடுமுறையில் அவர்கள் மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது டீச்சர் முடியை இறக்கி வாரியிருந்தாள். அதுவும் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

கீழ்வீட்டு நிலைமைதான் மாறிவிட்டது. தையல் கொடுக்க வருபவர்கள் வாசலிலிருந்தே தொண்டையைத் தீட்டிக்கொண்டு வருகிறார்கள். "இடுப்புல ஒரு இஞ்ச் குறைக்கணும்" என்பதைத் தெருவுக்கே அறிவிக்கிறார்கள். முதலில் அவள் நெளிந்தாள். பிறகு பழகிவிட்டது. வேண்டாத பேச்சு வந்தால் காதில் விழாத மாதிரி குனிந்துகொள்ளலாம் என்ற வசதியையும் கண்டுகொண்டாள். "அடடா, எனக்கு இந்த யோசனை கல்யாணமான புதுசுலயே வராமப் போச்சே" என்றான் டிரைவர். கருவி விற்கிறவர்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள். மேலே டிவியில் அந்தப் பெண் இன்னும் புத்தகத்தை அணைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இரண்டைப் பற்றியும் படிக்கட்டில் பேச்சு கிடையாது.

ஒரு மத்தியானம் அவள் தைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் படியிறங்கி வந்து கதவோரம் நின்றாள்.

"அக்கா, உங்க மிஷின் வலது பக்கச் சக்கரம் லேசா கீச்சுன்னு சத்தம் போடுது. மேல வரைக்கும் கேக்குது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க."

அவள் நின்ற நிற்பில் தையல்காரி இப்போது அவளுடைய இடப்பக்கம் இருந்தாள். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற யோசனையே இல்லாமல். சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

தையல்காரி சக்கரத்தை மெதுவாகச் சுற்றினாள். குனிந்து காதை வைத்துக் கேட்டாள். நிறுத்தி, மறுபடி சுற்றினாள். வருஷக்கணக்காகத் தன் கைக்குக் கீழே ஓடும் மிஷின். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"இதுலயும் அவதானா" என்று முணுமுணுத்துக்கொண்டு எண்ணெய்க் குப்பியைத் தேடினாள். சொன்ன பிறகுதான், அதுவும் மேலே கேட்டிருக்குமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.